ஃபெர்ரி ஃபார்ம்: வீடு சுமார், ஓட்டாஞ்சில்லு பிரமாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபெர்ரி ஃபார்மில் பழைய வீடு எதுவும் கிடையாது. ஜார்ஜ் வாஷிங்டன் ஆறு வயதில் குடிவந்து வளர்ந்த வீடு, இருந்த இடம் தெரியாமல் என்றைக்கோ போய்விட்டது. இன்று ரப்பஹானக் ஆற்றங்கரை மேட்டில் நிற்பது, தோண்டிக் கண்ட கடைக்காலை வைத்து அதே இடத்தில் எழுப்பிய மாதிரி வீடு. வாஷிங்டன் பெரியவரான பிறகு வாழ்ந்த மவுண்ட் வெர்னன் மாளிகையைப் பார்த்த கையோடு இங்கே வருகிறவர்கள் ‘இதுக்கா இவ்வளவு தூரம்’ என்றுதான் கேட்பார்கள். என் மாப்பிள்ளைகூட, "மாமா, அங்க புது வீடுதான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் காரை எடுத்தார்.

எனக்குப் பரவாயில்லை. பொதுப்பணித்துறையில் கடைக்கால் குழிக்குள் இறங்கி ஏறியே வயசானவன் நான்.

வர்ஜீனியாவில் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் ஊருக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கிறது இடம். சுற்றிலும் புறநகர்ச் சாலையும் கடைகளும்தான். 1996இல் இங்கேயே வால்மார்ட் கட்டத் திட்டம் வந்து, ஊர்க்காரர்கள் எதிர்த்ததால் கடை வேறு இடத்துக்குப் போனது. இல்லையென்றால் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எல்லாம் போயிருக்கும்.

வீட்டைக் கண்டுபிடித்த கதைதான் சுவாரசியம். சந்தேகப்பட்ட ஓர் இடத்தைத் தோண்டினால் 1600களின் வீடு. இன்னொன்றைத் தோண்டினால் 1800களின் வீடு. மூன்றாவதில்தான் கல் கட்டிய நிலவறைகள் கிடைத்தன; 2008இல் இதுதான் வாஷிங்டன் வீடு என்று அறிவித்தார்கள். நீளம் ஐம்பது அடிக்குச் சற்று மேல், ஒன்றரை மாடி. பழைய வரலாற்றில் ‘குடிசை’ என்ற அளவுக்குப் பேசப்பட்ட வீடு, அந்தக் காலத்துக்கு நல்ல வசதியான வீடாகவே இருந்திருக்கிறது. 1740 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு வீடே எரிந்து போனதாக ஒரு கதை உண்டு. கரி படிந்திருந்த அளவைப் பார்த்தால் சின்னத் தீதான் என்கிறார்கள். மண்ணைப் படித்துக் கதையைத் திருத்துவது எனக்குப் பிடித்தது. சிறுவன் ஜார்ஜ் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்டான் என்பார்களே, அந்த மரமும் கோடரியுமா? கிடைக்கவில்லை. அது 1806இல் ஒரு பாதிரியார் தன் புத்தகத்தில் சேர்த்த சரக்கு.

ஆய்வுக்கூடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் எடுத்திருக்கிறார்கள்: பானை ஓடு, ஊசி, புகைக்குழாய்த் துண்டு, பொய்முடியைச் சுருட்டுகிற சுட்ட களிமண் உருளைகள். இத்தனைக்கும் ஜார்ஜ் பொய்முடி வைத்துக்கொண்டவர் இல்லை.

நான் அதிக நேரம் நின்றது ஒரு பஞ்ச் கிண்ணத்துக்காக. விருந்தாளிகளுக்குச் சாராயமும் பழச்சாறும் கலந்து கொடுக்கிற பெரிய கிண்ணம். வெளிர் மஞ்சள் பூச்சில் சிவப்புச் செர்ரிப் பழங்கள் கையால் வரைந்தது. உடைந்த ஓரத்தில் பழைய பசை ஒட்டியிருந்த தடத்தை வைத்து, வீட்டுக்காரர்களே அதை ஒட்டி வைத்திருந்தார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பசை சூடான பானத்தைத் தாங்கியிருக்குமா, சந்தேகம்தான். அலமாரியில் வைத்து வந்தவர்கள் கண்ணில் படவே ஒட்டியிருப்பார்கள். 1743இல் கணவர் அகஸ்டின் இறந்தபோது ஜார்ஜின் அம்மா மேரிக்கு ஐந்து பிள்ளைகள், மூத்தவன் ஜார்ஜுக்குப் பதினோரு வயது. 1772 வரை அந்த அம்மாள் இங்கேயே இருந்து பண்ணையை நடத்தினார். கௌரவத்தை விடாமல் குடும்பம் நடத்தியது அந்தச் சில்லில் தெரிகிறது. பெயர்ப்பலகையில் மகன் இருக்கட்டும், எனக்கு இது மேரியம்மாள் வீடுதான்.

மாதிரி வீடு மோசமில்லை. உள்ளே இருப்பதெல்லாம் புதிதாகச் செய்தவை என்பதால் நாற்காலியில் உட்காரலாம், இழுப்பறையைத் திறக்கலாம். மியூசியத்தில் ‘தொடாதே’ கேட்டே வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தச்சு வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய கடைக்காலின் மேலேயே புது வீட்டை நிறுத்தியதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மூலையையாவது திறந்து கண்ணாடி போட்டிருந்தால் என்ன? நான் பார்க்க வந்ததே அந்தக் கல்லைத்தான்.

இன்னொரு குறை. இந்தப் பண்ணையில் சுமார் 20 பேர் அடிமைகளாக வேலை செய்தார்கள். மேரியின் தேநீர்க் கோப்பைக்குக் கிடைக்கிற நேரம் அவர்கள் சமைத்த, படுத்த இடத்துக்குக் கிடைக்கவில்லை. நாமே கேட்டால் வழிகாட்டி விவரமாகச் சொல்கிறார். கேட்காதவர்களுக்கு அது போய்ச் சேராது.

சாய்வு இறங்கி ஆற்றங்கரை வரை நடக்கலாம், முட்டி வலி உள்ளவர்கள் மேட்டிலேயே நின்றுகொள்ளுங்கள். வார நாளில் போனால் ஆய்வுக்கூடத்தில் ஆள் இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், எதிர்க்கரையில் ஜார்ஜின் தங்கை பெட்டி வாழ்ந்த கென்மோர் மாளிகை இருக்கிறது, ஃபெர்ரி ஃபார்மை நடத்துகிற அறக்கட்டளைதான் அதையும் நடத்துகிறது. அது அசல் பழைய கட்டடம். அசல் சுவர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்; கண்ணாடி போட்டால் நாலரை.