நாலு கேபிள் போட்டால் நாலு மடங்கு வேகம் என்று சொல்லி 46,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

நேற்று ராத்திரிதான் முழு விவரமும் தெரிந்தது. இன்னும் தூக்கம் வரவில்லை. 46,800 ரூபாய். சர்வரில் நாலைந்து நெட்வொர்க் போர்ட்களைச் சேர்த்து ஓட்ட நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்கவேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஈரோட்டில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மூன்று எடிட்டர்கள், நடுவில் ஒரு லினக்ஸ் சர்வர். எல்லா ஃபுட்டேஜும் அதில்தான் கிடக்கும். சர்வரில் ஒரே ஒரு கிகாபிட் போர்ட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட். மூன்று பேரும் ஒரே நேரத்தில் 4கே டைம்லைனை ஓட்டினால் திக்கும். ஆவணி முகூர்த்த வேலைகள் குவிவதற்குள் இதைச் சரிசெய்துவிட நினைத்தேன். பழைய சர்வர் பாகங்களை ஆன்லைனில் விற்கும் ஒரு கடை கிடைத்தது. நாலு போர்ட் கார்டு, எல்.ஏ.சி.பி. ஸ்விட்ச் (சர்வரோடு பேசி, பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்த்துக்கொள்ளும் ஸ்விட்ச்), சர்வர் பக்கம் அந்தப் போர்ட்களைச் சேர்க்கும் பாண்டிங் செட்டப், மூன்றும் சேர்த்து 46,800 என்று கொட்டேஷன் அனுப்பினார்கள்.

எனக்குத் தயக்கம் இருந்தது. உடனே அந்தக் கடைப் பையன் வீடியோ காலில் வந்தான். கார்டின் பின்பக்கத்தைக் காட்டினான், நாலு பச்சை விளக்கும் எரிந்தன. அப்புறம் கேமராவைத் திரைக்குத் திருப்பி, போர்ட்டின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளை கொடுத்து, "பாருங்கண்ணே, 4000" என்றான். நானே கண்ணால் பார்த்தேன், ஸ்பீட் 4000 மெகாபிட் என்றுதான் இருந்தது. "ஒரே ஃபைலைக் காப்பி பண்ணாலும் செகண்டுக்கு 400 எம்பி வரும்ணே. எங்க அக்கா கல்யாண வீடியோ ஆறு மாசம் கழிச்சுதான் கைக்கு வந்துச்சு, உங்க தொழில் கஷ்டம் எனக்குத் தெரியாதா" என்றான். அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன். கால் முடிவதற்குள் பணம் போய்விட்டது.

பார்சல் வந்தது. அவர்களே தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைந்து செட்டப் செய்தார்கள். அன்று சாயங்காலமே டைம்லைன் முன்னைவிட மோசமாகத் திக்க ஆரம்பித்தது.

போன் செய்தேன். "கேபிளை மாத்திப் பாருங்க சார்" என்றார்கள். கவனியுங்கள், அண்ணன் சார் ஆகிவிட்டேன். எட்டு கேபிள் புதிதாக வாங்கி மாற்றினேன். "அது விண்டோஸ் பிரச்னை சார்." ஒரு கம்ப்யூட்டருக்குப் புதிதாக விண்டோஸ் போட்டேன். "ஸ்விட்ச் செட்டாக ரெண்டு நாள் ஆகும் சார்." காத்திருந்தேன். நாலாவது முறை, "வாரண்டி கார்டுக்குத்தான், கான்ஃபிகரேஷனுக்கு இல்லை" என்றார்கள். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான்.

நேற்று என் மச்சானின் நண்பர் ஒருவர் வந்தார், டேட்டா சென்டரில் வேலை பார்ப்பவர். பாண்டிங் நிலவரம் காட்டும் கோப்பைத் திறந்தார். எல்.ஏ.சி.பி. என்று காசு வாங்கியவர்கள் போட்டிருந்தது ரவுண்ட் ராபின். பாக்கெட்டுகளை (டேட்டாவின் சின்னத் துண்டுகளை) சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுவதுபோல நாலு போர்ட்டிலும் மாற்றி மாற்றி அனுப்பும் முறை அது. அதில் நாலு வேகத்தையும் வெறுமனே கூட்டி 4000 என்று காட்டும். ஒரு ஃபைலின் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். திக்கியது அதனால்தான். அவர் எல்.ஏ.சி.பி.க்கு மாற்றிப் பார்த்தார். எதிர்முனை மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்) இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகப் பூஜ்யம். அதாவது ஸ்விட்ச் பதிலே பேசவில்லை. லாகின் பக்கம்கூட இல்லாத சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்சை எல்.ஏ.சி.பி. ஸ்விட்ச் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு அவர்கள் போட்ட ரவுண்ட் ராபினுக்கே திருப்பிவிட்டு, நாலில் மூன்று கேபிளைப் பிடுங்கினார். நெட்வொர்க்கின் நிஜ வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் சோதனையில் 300க்கும் 600க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்த எண் 940 மெகாபிட்டில் போய் நின்றது. ஒற்றைக் கேபிளில்! 46,800 ரூபாய் கொடுத்து, இருந்த வேகத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒழுங்கான எல்.ஏ.சி.பி.யாக இருந்தாலும் ஒரு ஃபைல் காப்பி ஒரு போர்ட் வழியாகத்தான் போகுமாம். பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பலன். என் எடிட்டர்களின் கம்ப்யூட்டரில் இருப்பதே ஒரு கிகாபிட் போர்ட், அதில் நொடிக்கு 110 எம்பி சுமாருக்கு மேல் வரவே வராது (எம்பி என்பது மெகாபைட், எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒன்று). இது விற்றவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் 400 என்றான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஸ்விட்ச் மாடல் எண்ணைக் கேட்டு, 802.3ஏடி (எல்.ஏ.சி.பி.யின் ஸ்டாண்டர்டு எண்) அல்லது எல்.ஏ.சி.பி. இருக்கிறதா என்று கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் பாருங்கள். 4000 என்று காட்டினால் நம்பாதீர்கள், ஐபெர்ஃப் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஆளுக்கு வேகம் வேண்டுமென்றால் 10 கிகாபிட் கார்டைப் பாருங்கள், அதுவும் இரண்டு முனையிலும். வேலை முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கல்யாணம் டெலிவரி கொடுக்கவேண்டும். ஒற்றைக் கேபிளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.