இறகுத் தொகுப்பு வாங்க நினைப்பவர்களுக்கு: சீட்டில் ஒரு பறவை, பெட்டியில் வேறு பறவை

கற்பித்தலுக்கு ஏற்றது என்றும், சேகரிப்பாளர்கள் தலைமுறைகளுக்குப் பாதுகாத்து வைக்கத் தக்கது என்றும் விளம்பரம் செய்யப்பட்ட ஓர் இறகுத் தொகுப்பை, இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி வாங்கினேன். கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டிக்குள் 12 பறவைகளின் 24 இறகுகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பறவையின் பெயரையும், உடலில் அவ்விறகு இருந்த இடத்தையும் குறிக்கும் அச்சிட்ட சீட்டு; கூடவே பொன்னிற முத்திரையிட்ட ‘உண்மைத்தன்மைச் சான்றிதழ்’. அந்த 24 இறகுகளில், சீட்டிலுள்ள பெயருக்கு உரியவை என்று இன்று நான் துணிந்து சொல்லக்கூடியவை 5 மட்டுமே. அந்த ஐந்தில் ஒன்றுதான், போலியான மற்ற 19 இறகுகளும் சேர்ந்து கொடுத்ததைவிடப் பெரிய தொல்லையைக் கொடுத்தது.

உயிரியல் கற்பிக்கும் நானே இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவள் என் மாணவி. பறவைகளின் நீல நிறத்தைப் பற்றி அன்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். மீன்கொத்தியின் நீலமும் கிளியினத்தின் நீலமும் நிறமியால் உண்டாவன அல்ல. இறகிழைகளுக்குள் கெரட்டின் புரதம் கடற்பஞ்சைப் போன்ற நுண்ணிய துளைகளுடன் அமைந்திருப்பதால், அந்த அமைப்பு நீல ஒளியை மட்டும் வலுவாகச் சிதறடித்து நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. எனவே அத்தகைய இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடுருவிப் பார்த்தால் நீலம் மறைந்து, அடியிலுள்ள மெலனின் நிறமியின் மங்கிய பழுப்பே தெரியும் என்று விளக்கிவிட்டு, பெட்டியிலிருந்த மீன்கொத்தி இறகை அவளிடம் கொடுத்தேன். அவள் சாளரத்தருகே சென்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது எப்படிப் பிடித்தாலும் நீலமாகத்தான் இருக்கிறது” என்றாள்.

வாங்கிக் கையில் எடுத்தபோது கண்ணில் படாதவை அதன் பிறகுதான் பட்டன. இறகின் நடுத்தண்டும் நீலமாக இருந்தது. காம்பருகே இருந்த மென்தூவியும் நீலமாக இருந்தது. சாயத்தொட்டியில் முக்கி எடுத்தால்தான் இப்படித் தண்டு முதல் தூவி வரை ஒரே நிறம் ஏறும். இயற்கையான நீல இறகில் தண்டு பெரும்பாலும் கருமையாகவும், அடித்தூவி சாம்பல் நிறமாகவும் இருக்கும். இன்னொன்றைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சீட்டில் குறித்திருந்த சிறிய நீல மீன்கொத்தி, அலகு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 16 செ.மீ. நீளமுள்ள பறவை, அதன் சிறகிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட இறகு மட்டும் 15 செ.மீ. இருந்தது. போதாக்குறைக்கு, சீட்டில் அப்பறவையின் பெயர் ‘மின்கொத்தி’ என்று அச்சாகியிருந்தது. அதையும் வெறும் அச்சுப்பிழை என்றே எண்ணிச் சிரித்துக் கடந்திருந்தேன்.

அன்று மாலை பெட்டி முழுவதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் சோதித்தேன். ‘கழுகு, வால் இறகு’ என்ற சீட்டின் மேல் வெண்ணிறமும் கரும்பழுப்பு நுனியும் கொண்ட அழகிய இறகு இருந்தது. நல்ல நிலையிலுள்ள இறகில், தண்டின் இருபுறமுள்ள இழைகளைக் கோத்து வைத்திருப்பவை நுண்ணிழைகளின் கொக்கிகள். விரலால் பிரித்து, அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவிவிட்டால் அவை மீண்டும் பூட்டிக்கொள்ளும். இந்த இறகின் வெண்பகுதி அவ்வாறு பூட்டிக்கொண்டது. பழுப்பு நுனியோ பிசின் தடவியது போல விறைத்து, பிரித்த இடத்தில் பிரிந்தபடியே நின்றது. ஈரப்பஞ்சை ஓரத்தில் ஒற்றியதும் பஞ்சு பழுப்பானது. வெள்ளை வான்கோழியின் இறகுக்கு நுனியில் வண்ணம் ஏற்றி, கழுகு இறகின் சாயலில் விற்பது பரவலாக நடப்பதுதான். நேர்மையான வணிகர்கள் அதைச் ‘சாயல்’ என்று வெளிப்படையாக எழுதியே விற்கிறார்கள். ஆந்தையின் முதன்மைச் சிறகிறகுகளுள் வெளிப்புறம் உள்ளது என்று குறிக்கப்பட்டிருந்த இறகில், இரவில் வேட்டையாடும் ஆந்தைகளுக்கே உரிய, காற்றின் ஓசையை அடக்கும் சீப்புப் பல் போன்ற முன்விளிம்பு இல்லை. மேற்பரப்பில் வெல்வெட்டைத் தொடுவது போன்ற மென்மையும் இல்லை. வரிகளைத் தவிர ஆந்தைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

என்னை மிகவும் புண்படுத்தியது, ‘பருந்து, ஒரே இடது சிறகின் அடுத்தடுத்த 5 இறகுகள்’ என்ற வரிசை. பறத்தலைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பொருள் கிடையாது என்று நினைத்துத்தான் இந்தத் தொகுப்பையே தேர்ந்தெடுத்தேன். சிறகின் வெளி இறகுகளில் காற்றை எதிர்கொள்ளும் முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் அகலமாகவும் இருக்கும். ஆகவே ஒரே சிறகின் இறகுகள் எல்லாவற்றிலும் குறுகிய பக்கம் ஒரே திசையில்தான் அமையும். என் பெட்டியில் மூன்று ஒரு பக்கம் பார்த்தன; இரண்டு மறுபக்கம் பார்த்தன. இரு சிறகுகளிலிருந்து எடுத்து ஒரு சிறகாக அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கியவருக்கு இறகைப் பற்றி எதுவும் தெரியாது என்பதே இதற்குப் பொருள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மயில் இறகுகளும் இரண்டு சேவல் இறகுகளும் உண்மையானவை. ஆனால் மயில் இறகின் சீட்டில் ‘வால்’ என்று போட்டிருந்தார்கள். தோகை என்பது மயிலின் வாலன்று. வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகளே அவ்வளவு நீளமாக வளர்கின்றன, உண்மையான வால் குட்டையாக அதன் அடியிலிருந்து தோகையைத் தாங்குகிறது. பெயர் சரியாக இருந்த இடத்திலும் பாடம் தவறாகவே இருந்தது.

‘இறகு அழகாக இருக்கிறதே, சீட்டில் என்ன இருந்தால் என்ன?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். இறகு மாதிரியின் உயிர் அதன் சீட்டில்தான் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனில் புறப்பட்டவுடனே விமானம் ஒன்று விழுந்து 62 பேர் இறந்தபோது, எஞ்சினில் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகள் ஸ்டார்லிங் பறவைகளுடையவை என்று கண்டறிந்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ராக்சி லேபோர்ன் அம்மையார். தூவியின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பெயர் உறுதியாகத் தெரிந்த அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிடும் முறையை வளர்த்தெடுத்தவர் அவர். ஒப்பிடும் மாதிரியின் பெயரே பொய்யென்றால் அந்த அறிவியல் அங்கேயே நின்றுபோகும். 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ட்ரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து இறகோடு பதப்படுத்தி வைத்திருந்த 299 பறவைத் தோல்கள் திருடப்பட்டன. பின்னர் மீட்கப்பட்டவற்றுள் பலவற்றில் சீட்டுகள் அறுக்கப்பட்டிருந்தன. தோல் திரும்பி வந்தும் அதன் அறிவியல் மதிப்பு திரும்பி வரவில்லை.

இதற்கிடையில் பெட்டி வேறொரு தீங்கையும் செய்துவிட்டது. ‘பதப்படுத்தப்பட்டது’ என்ற சொல்லை நம்பி, அதை என் சொந்தச் சேகரிப்பின் பக்கத்திலேயே வைத்திருந்தேன். புறா, வாத்து, கினிக்கோழி போன்ற வளர்ப்புப் பறவைகள் உதிர்த்த இறகுகளை, நாளும் வயதும் குறித்து 15 ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்தேன். சில வாரங்களில் அடுக்கின் தரையில் மெல்லிய தூளும், மயிரடர்ந்த சிறு புழுக்கள் உரித்த தோல்களும் கிடந்தன. கெரட்டினைத் தின்று வாழும் அருங்காட்சியக வண்டின் புழுக்கள் அவை. என் சேகரிப்பில் பாதிக்கு மேற்பட்ட இறகுகளில் தண்டும் சீட்டும் மட்டுமே மிஞ்சின. புதிதாக வரும் எந்த இறகையும் காற்றுப்புகாத பாலித்தீன் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரங்கள் உறையவைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நானே செய்யவில்லை. அந்துருண்டையை நம்பிப் பயனில்லை. அதைவிட முக்கியமாக, ‘பழங்காலச் சேகரிப்பு’ என்று பெருமையாக விற்கப்படும் பாடம் செய்த பறவைகளையும் சிறகுகளையும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். முற்காலத்தில் அவற்றைப் பாதுகாக்க ஆர்சனிக் கலந்த பூச்சும் பாதரச உப்பும் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டன, அந்த நஞ்சு இன்னும் அவற்றில் இருக்கும்.

இப்போது அந்த ஐந்தாவது இறகுக்கு வருகிறேன். பெருங்கிளி வகையான செம்மக்காவின் நீலச் சிறகிறகு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் மறைந்தது, நீவினால் இழைகள் பூட்டிக்கொண்டன, தண்டு கருமையாக இருந்தது. எல்லாச் சோதனையிலும் தேறியது. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை அது. உயிருள்ள பறவைக்கு மட்டுமன்றி அதன் உடற்பகுதிகளுக்கும் அக்கட்டுப்பாடு பொருந்தும். ‘உதிர்ந்த இறகுதானே’ என்ற சமாதானமும் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின்படி, உள்நாட்டுக் காட்டுப் பறவைகளுள் பெரும்பாலானவற்றின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் வேட்டைச் சின்னங்களை வரையறுக்கும்போது இறகையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உதிர்ந்த இறகையும் பிடுங்கிய இறகையும் பார்த்துப் பிரித்தறிய முடியாது என்பதே காரணம். அனுமதி ஆவணம் கேட்டு எழுதினேன். விலங்குக் காட்சிச்சாலையில் உதிர்ந்தது என்று முதலில் பதில் வந்தது. எந்தக் காட்சிச்சாலை என்று கேட்டதும், ஒரு பழைய சேகரிப்பிலிருந்து வாங்கியது என்று மாறியது. எண்ணும் தேதியும் இல்லாத அந்தப் பொன்முத்திரைச் சான்றிதழைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. இறகை வனவுயிர் அலுவலகத்தில் ஒப்படைத்து, எங்கே வாங்கினேன் என்று எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மற்ற இறகுகளைப் பற்றிய கேள்விகளுக்கு, ‘இயற்கைப் பொருள்களில் சிறு வேறுபாடுகள் இருக்கும்’ என்றார்கள். சாயம் ஒட்டிய பஞ்சின் படத்தை அனுப்பியதும், ‘இது கற்றல் துணைப்பொருள், அறிவியல் மாதிரியன்று’ என்றார்கள். குழந்தைகள் கற்பதற்கென்றால் பெயர் தவறாக இருக்கலாம் என்ற இந்த வாதத்தை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. இறுதியில், என் விமர்சனத்தை நீக்கினால் பாதித் தொகையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், பணமும் வரவில்லை.

வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், ஒவ்வோர் இறகையும் அளவுகோலின் பக்கத்தில் வைத்து ஒரு படமும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படமும் முன்பே கேட்டு வாங்குங்கள். பறவையின் அறிவியல் பெயரையும் இறகு வந்த வழியையும் எழுத்தில் கேளுங்கள். என் கருத்தைக் கேட்டால், கோழியும் வாத்தும் புறாவும் உதிர்க்கும் இறகுகளே பள்ளிக்குப் போதும். கொக்கியும் நுண்ணிழையும் அவற்றிலும் அப்படியே இருக்கின்றன.

நான் வாங்கிய விற்பனைப் பக்கம் இப்போது இல்லை. ஆனால் சென்ற வாரம் வேறொரு பெயரில் அதே மரப்பெட்டி விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மேல் வரிசையில் இரண்டாவது இறகின் கீழ் ‘மின்கொத்தி’ என்றிருந்தால், அது இவர்களுடையதுதான்.