பரிசலுக்கு ஒன்று, பெடல் படகுக்கு இரண்டு: ஜேபிஎல் ஃபிளிப் 6

ஆழியாறு, ஏற்காடு, கொடிவேரி என்று தண்ணீரைத் தேடிப் போகிறவர்கள் பையில் போட்டு எடுத்துப் போக இந்த புளூடூத் ஸ்பீக்கரின் 550 கிராம் ஒரு சுமையே இல்லை. ஆனால் வாங்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஃபிளிப் 6 மோனோ ஸ்பீக்கர், இடம் வலம் பிரிக்காமல் எல்லா ஒலியையும் ஒன்றாகவே தரும். உள்ளே தாழ்ந்த ஒலிக்கு 20 வாட்டில் ஒரு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு 10 வாட்டில் ஒரு ட்வீட்டர், அவ்வளவுதான்.

கே.வி. மகாதேவன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாடல்களுக்கு இது குறையே அல்ல, அவை மோனோவில் பதிவானவை. 1978-ல் வந்த ‘பிரியா’வில்தான் தமிழில் ஸ்டீரியோ பாடல்பதிவு தொடங்கியது. அதற்குப் பிந்தைய இளையராஜா பாடல்களில் ஒரு காதுக்கு கிடார், மறு காதுக்கு வயலின் என்று பிரித்து வைத்ததெல்லாம் இதில் ஒன்றாகக் கலந்துவிடும். பரிசலில் அது பரவாயில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது உங்கள் இடது எதிரிலிருப்பவருக்கு வலது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முன்னோக்கி மிதிக்கும் பெடல் படகில்தான் ஸ்டீரியோ இல்லாத குறை தெரியும்.

அடுத்தது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. வீட்டில் சுவரும் மூலையும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும். நடு ஏரியில் சுவர் ஏது? குரலும் புல்லாங்குழலும் தெளிவாக நிற்கும், பேஸ் கிடார் கரைந்துபோகும். ஜேபிஎல் ஆப்பில் பேஸை முழுதாக ஏற்றுவது வீண் வேலை: ஒலியளவு கூடக்கூட ஸ்பீக்கரே பேஸைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரிதான் சீக்கிரம் காலியாகும். நடு அலைவரிசையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 1960-களின் பாடல் என்றால் உயர்ந்த ஒலியான ட்ரெபிளை ஒரு புள்ளி இறக்குங்கள், பழைய பதிவின் இரைச்சல் அடங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எந்த ஸ்பீக்கரும் ஈடு கொடுக்காது. அந்த மாதங்களில் காலை நேரமே நல்லது.

உருளை வடிவம் என்பதால் பரிசலைச் சுற்றிவிட்டால் இதுவும் உருளும். துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி அதன்மேல் படுக்க வையுங்கள். இரு முனைகளிலும் அதிரும் தகடுகள் வெளியே தெரியும். அவற்றில் துண்டோ பையோ முட்டினால் இருக்கிற பேஸும் போச்சு. கூடவே வரும் நாடாவில் ஒரு மீட்டர் நைலான் கயிற்றைக் கோத்துப் படகின் சட்டத்தில் கட்டிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் என்று நம்பி விட வேண்டாம்.

நீர்க்காப்பு ஐபி67. ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். துடுப்புத் தெறிப்பும் சாரலும் ஒன்றும் செய்யாது. கெடுவது பெரும்பாலும் கரையேறிய பிறகுதான்: ஈரத்தோடு சார்ஜ் ஒயரைச் செருகினால் டைப்-சி முனை அரித்துப்போகும். முனை கீழ்நோக்கி இருக்கும்படி உதறி, நிழலில் நன்றாகக் காயவிட்டுப் பிறகு செருகுங்கள். சார்ஜ் ஏற இரண்டரை மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் பாடும் என்பது மிதமான ஒலியளவுக்கான கணக்கு. திறந்தவெளியில் வைக்கும் சத்தத்துக்கு அதில் வெகுவாகக் குறையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள், பேட்டரிக்கு ஆகாது.

புளூடூத் அலையைத் தண்ணீரும் உடம்பும் உறிஞ்சும். போன் பின்பாக்கெட்டில், அதன்மேல் ஈர லைஃப் ஜாக்கெட் என்றால் பாட்டு விட்டுவிட்டு வரும். நீர்புகா உறையில் போட்டு மார்புக்கு நேரே தொங்கவிட்டால் சரியாகும். அணைப் பக்கம் சிக்னலை நம்பாமல் பாடல்களை முன்பே இறக்கி வையுங்கள். இதில் ரேடியோவும் இல்லை, ஒயரில் பாட்டு கொடுக்கும் ஆக்ஸ் துளையும் இல்லை. ஐயாயிரம் பாட்டோடு வரும் சரிகம நிறுவனத்தின் கேரவான் பாட்டுப்பெட்டியை எடுத்துப் போகலாமே என்பவர்களுக்கு: அதற்கு நீர்க்காப்பு கிடையாது, கரையிலேயே இருக்கட்டும்.

காற்று அடங்கிய காலையில் நீர்மேல் குளிர்ந்த காற்று தங்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து நீரையொட்டியே வெகுதூரம் ஓடும். பாதி ஒலியளவே அக்கரை வரை கேட்கும். “பாட்டு போட்டுக்கட்டுங்களாண்ணா?” என்று பரிசல்காரரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள், நீரோட்டத்தில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டாக வேண்டும். படகு இல்லம் என்றால் டிக்கெட் கவுன்டரிலேயே விசாரித்துவிடலாம்.

விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஏறி இறங்குகிறது. ஸ்டீரியோவுக்காக இரண்டாவது வாங்குவதென்றால் அதுவும் ஃபிளிப் 6-ஆகவே இருக்க வேண்டும். ஃபிளிப் 5, ஜேபிஎல் ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பார்ட்டிபூஸ்டில் சேர்ந்து பாடும், ஆனால் இடம் வலம் பிரிக்காது. புதிய ஃபிளிப் 7 இதனோடு சேரவே சேராது.