காவலருக்கு நுரையீரல் நோய்: அனுமான வழியா, நிரூபண வழியா?

கலிபோர்னியாவில் பணியால் நுரையீரல் கெட்டுப்போன காவலர் இழப்பீடு கேட்க இரண்டு வழிகள் உண்டு. நோய் பணியால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்வது அனுமான வழி. பணிதான் காரணம் என்று காவலரே மருத்துவச் சான்றோடு நிறுவ வேண்டியது நிரூபண வழி. நோய் அனுமானப் பிரிவுக்குள் வருமானால் அதை விட்டுவிட்டு வேறு பக்கம் போகவே கூடாது என்பேன்.

தொடக்க வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். இழப்பீட்டுக் கோரிக்கைக்கான டிடபிள்யூசி-1 படிவத்தை நிரப்பிப் பணியமர்த்திய துறையிடம் கொடுக்க வேண்டும். முடிவு வரும்வரை 10,000 டாலர் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 4850வது பிரிவின்படி ஓராண்டு வரை முழுச் சம்பளமும் உண்டு. கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று அந்தத் தரப்பு முடிவு சொல்ல அனுமான வழியில் 75 நாள், மற்றதில் 90 நாள். இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தீர்மானிப்பது பங்கீடு. நிரந்தர ஊனத்தில் எத்தனை சதவீதம் பணியால், எத்தனை பிற காரணத்தால் என்று மருத்துவர் பிரித்துச் சொல்ல வேண்டும் என்கிறது 4663வது பிரிவு. நுரையீரல் வழக்குகளில் அந்தப் பிற காரணம் பெரும்பாலும் சிகரெட். ஊனம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் புகைப்பழக்கம்தான் காரணம் என்று மருத்துவர் எழுதினால் அது 40 ஆகிவிடும். தொகையோ பாதிக்கும் கீழே போய்விடும். ஊனம் ஏற ஏற ஒவ்வொரு சதவீதத்துக்கும் கிடைக்கும் இழப்பீட்டு வாரங்களும் கூடுவது அட்டவணையின் அமைப்பு: 30 முதல் 49.75 வரையான படியில் 7 வாரம், 70 முதல் 16 வாரம். 70ஐத் தொட்டால் வரும் ஆயுள்கால ஓய்வூதியமும் 40இல் கிடையாது. அனுமானப் பிரிவில் வரும் நோய்களுக்கு இந்தப் பங்கீடே பொருந்தாது என்று அதே 4663 விலக்குத் தருகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பங்கீடு வெட்டுவது நிரந்தர ஊனத் தொகையைத்தான், சிகிச்சையை அல்ல.

ஆனால் அனுமானத்தின் வாசல் குறுகலானது. காவலருக்கு அது திறப்பது நிமோனியா, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கு. நிமோனியாவுக்கு ஐந்தாண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும். இங்கே வழக்கு கெடுவது பெரும்பாலும் மருத்துவமனை அவசரப் பிரிவின் குறிப்பில். மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் ‘மூச்சுக்குழாய் அழற்சி’ என்று எழுதி அனுப்பிவிட்டால், நிமோனியா என்ற பதிவு இல்லாததால் அனுமானமும் போய்விடும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்டு, அதன் அறிக்கையையும் கையில் வாங்கிக்கொள்வது நல்லது.

நுரையீரல் புற்றுநோய்க்கு 3212.1வது பிரிவு. பணியில் புற்றுநோய்க் காரணி ஒன்றின் தொடர்பு இருந்ததைக் காட்டினால் போதும். டீசல் புகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற பட்டியலில், சேர்த்திருப்பதால், வண்டிகளுக்கு நடுவே பணியாற்றியதைக் காட்டும் பணிப் பதிவேடு இங்கே பெரிய பலம். அந்தப் புகைக்கும் இந்த நோய்க்கும் நியாயமான தொடர்பில்லை என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பான பணியமர்த்திய துறையுடையது. ‘இவர் சிகரெட் பிடித்தவர்’ என்பதோடு அந்தச் சுமை இறங்கிவிடாது. ஓய்வுக்குப் பிறகும் முழுப் பணியாண்டு ஒன்றுக்கு மூன்று மாதம் வீதம், அதிகபட்சம் 120 மாதம் வரை இந்த அனுமானம் நீளும்.

ஆஸ்துமா, சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் தழும்பு ஆகியவற்றுக்கு நிரூபண வழி ஒன்றே. அதில் மருத்துவ அறிக்கைதான் எல்லாம். எந்த மருத்துவர் அமைகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், அதற்கு யாரும் உறுதி தர முடியாது. ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில் ஏற்கத்தக்க ஊதல்கள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது. அரைமனதாக ஊதிய பரிசோதனை ‘முயற்சி போதவில்லை’ என்ற ஒரு வரியில் அடிபட்டுப்போகும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இரண்டும் வேண்டும். தழும்பு நோய் என்றால் வாயுப் பரிமாற்றச் சோதனையும் சேர வேண்டும். ஸ்பைரோமெட்ரி சரியாக இருக்கும்போதே இதில் குறை தெரிவதுண்டு.

பங்கீடு தவிர்க்க முடியாத இந்த வழியில், எண்ணைக் கேள்வி கேட்கலாம். ‘50 சதவீதம் புகைப்பழக்கம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது செல்லாது. எப்படி, ஏன் என்று மருத்துவர் விளக்கியாக வேண்டும் என்பது 2005இல் எஸ்கோபிடோ வழக்கில் வந்த தீர்ப்பு. விளக்கமில்லாத அறிக்கை வந்தால், அந்த மருத்துவரிடம் துணை அறிக்கை கேட்டு உடனே எழுதிவிட வேண்டும்.