நம்பகத்தன்மைப் பொறியியல் படிப்புகள்: எது எவ்வளவு கடினம்?

பராமரிப்பு வேலையில் ஒன்பது வருடம் ஓடிய பிறகு, வேலையை விடாமலே ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்கை, அதாவது இயந்திரம் எவ்வளவு காலம் பழுதில்லாமல் ஓடும் என்று கணக்கிடும் துறையை, முறையாகப் படித்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். கண்ணில் பட்டவை நான்கு: மூன்று நாள் பயிலரங்கு, பராமரிப்பு-நம்பகத்தன்மை வல்லுநர்களுக்கான சி.எம்.ஆர்.பி. சான்றிதழ், தரத் துறைக்கான ஏ.எஸ்.க்யூ. அமைப்பு நம்பகத்தன்மைப் பொறியாளர்களுக்கு நடத்தும் சி.ஆர்.இ. தேர்வு, பல்கலைக்கழகத்தின் பகுதிநேரச் சான்றிதழ்ப் படிப்பு. நான் எடுத்தது சி.ஆர்.இ. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

பயிலரங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களுக்கு நல்ல தொடக்கம். குளியல் தொட்டி வளைவு (ஆரம்பத்திலும் கடைசியிலும் பழுது அதிகம், நடுவில் குறைவு என்று காட்டும் வரைபடம்), எஃப்.எம்.இ.ஏ. அட்டவணை (எது எப்படிப் பழுதாகும், விளைவு என்ன என்ற பட்டியல்) எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும். நான் போன பயிலரங்கில் எல்லாக் கணக்கையும் மென்பொருளே போட்டுக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து என் சொந்தத் தரவைப் போட்டபோது, திரையில் வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சி.எம்.ஆர்.பி.யில் 110 கேள்விகள், இரண்டரை மணி நேரம். பாடத்தில் தொழில் நிர்வாகம், உற்பத்திச் செயல்முறை, இயந்திர நம்பகத்தன்மை, தலைமைப் பண்பு, வேலை மேலாண்மை என ஐந்து தூண்கள். கணக்கு குறைவு, பரப்பு அதிகம். வேலைத் திட்டமிடல், உதிரிபாகக் கிடங்கு, பட்ஜெட் என்று எல்லாவற்றையும் கையாண்டவருக்கு இது பாதி தெரிந்த பாடம்தான். பட்டறையிலேயே இருந்து, நிர்வாகப் பக்கம் போகாதவருக்குத்தான் சிரமம்.

சி.ஆர்.இ. எழுத முதலில் தகுதி வேண்டும்: எட்டு வருட அனுபவம், அதில் மூன்று வருடம் முடிவெடுக்கும் பொறுப்பில். இளநிலைப் பட்டம் இருந்தால் எட்டில் நான்கு வருடம் கழியும். கணினியில் எழுதினால் 165 கேள்விகள், 4 மணி 18 நிமிடம். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம் என்றதும் பலர் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அதற்குள் புத்தகத்தைப் புரட்டித் தேடுகிறவர் பாதியில் நின்றுவிடுவார். எந்தச் சூத்திரம் எங்கே இருக்கிறது என்பது கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

அதைவிட, என்னை சி.ஆர்.இ. பக்கம் தள்ளியது ஒரே ஒரு விஷயம்: ஆயுளைக் கணக்கிடும்போது இன்னும் பழுதாகாத இயந்திரங்களை என்ன செய்வது என்ற கேள்வி. ஒரு படிப்பு உண்மையில் எவ்வளவு கடினம் என்பதை நான் இப்போது இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

பத்து பம்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு பழுதாகிவிட்டன: 1,200, 2,100, 3,300, 4,400 மணி நேரத்தில். மற்ற ஆறும் 5,000 மணி நேரம் ஓடி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சராசரி ஆயுளைக் கண்டுபிடிக்கப் பல வருடமாக நான் செய்தது, பழுதான நான்கின் நேரத்தையும் கூட்டி நான்கால் வகுப்பது. விடை 2,750 மணி. அது தவறு. நன்றாக ஓடும் ஆறு பம்புகளின் 30,000 மணி நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 41,000. பம்ப் எவ்வளவு நேரம் ஓடியிருந்தாலும் பழுது விகிதம் மாறாது என்று கொண்டால், அதை நான்கு பழுதுகளால் வகுக்க வேண்டும்: 10,250 மணி. கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம்! பழைய எண்ணை நம்பி எத்தனை நல்ல பேரிங்குகளைக் கழற்றி மாற்றினோம் என்று நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, 10,250 மணி வரை பம்ப் ஓடும் என்று அர்த்தமா என்றால், அதுவும் இல்லை. அதே அனுமானத்தின்படி அந்த நேரம் வரை தாக்குப்பிடிப்பவை 37 சதவீதம்தான். தேய்மானம் இருந்தால் அனுமானமே மாறி, பழுது விகிதம் காலத்தோடு மாறுவதையும் கணக்கில் கொள்ளும் வைபுல் பரவல் என்ற புள்ளியியல் முறைக்குப் போக வேண்டும். அங்கே அந்த மாற்றத்தைக் காட்டும் பீட்டா என்ற எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஆரம்பகாலப் பழுது, மேலே இருந்தால் தேய்மானம். சூத்திரத்தில் எண்ணைப் போடுவது சுலபம். எந்தத் தரவுக்கு எந்த அனுமானம் பொருந்தும் என்று தீர்மானிப்பதுதான் எனக்கு மாதக்கணக்கில் பிடிபடவில்லை. சி.ஆர்.இ. தயாரிப்பு என்னைத் திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

பல்கலைக்கழகப் படிப்பில் நான் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தேன், அதனால் முழுத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த ஒரு பாடத்தில் நுண்கணிதம் நிறைய வந்தது. வைபுல் அளவுருக்களைக் கண்டுபிடிக்கும் சமன்பாடுகளைக் கையாலேயே வருவிக்கச் சொன்னார்கள். வாராவாரம் விடைத்தாள் திருத்தப்பட்டு வந்தது பெரிய பலம். தனியாகப் படிக்கும்போது நம் தவறைச் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. கல்லூரிக் கணிதம் மறக்காதவர்கள், ஆராய்ச்சி அல்லது வடிவமைப்புப் பக்கம் போக நினைப்பவர்கள் இதையே நேராக எடுக்கலாம் என்று தோன்றுகிறது.

எதில் சேர்வதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் நடத்துபவரிடம் இந்தப் பத்துப் பம்புக் கணக்கைக் கொடுத்து, எந்த வாரம் இதைச் சொல்லித் தருவீர்கள் என்று கேளுங்கள். மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தால், அந்தப் படிப்பு எளிதாகத்தான் இருக்கும்.