இவாஞ்ஜெலியன்: திட்டு வாங்கிய முடிவுக்கு என் ஓட்டு

ஊரை நொறுக்க வரும் ராட்சத உருவங்கள், அவற்றை அடிக்க ராட்சத ரோபோக்கள், ஓட்டுவதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்ஜெலியன்’ என்ற ஜப்பானிய அனிமே தொடர் முதல் பாதியில் இந்தக் கணக்கை ஒழுங்காகவே போடுகிறது. சண்டைகள் பிரமாதம். முதுகில் செருகிய மின்கம்பி கழன்றால் ரோபோ 5 நிமிடம்தான் ஓடும். அந்த ஒரு விதியே பாதிப் பதற்றத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

ஆனால் 1995 அக்டோபரிலிருந்து 1996 மார்ச் வரை ஜப்பானில் ஒளிபரப்பான இந்த 26 எபிசோடுகளை எடுத்த ஹிதேயாகி அன்னோவுக்கு ரோபோவைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவன்மேல்தான் கண்.

ரோபோ ஓட்டும் பையன் ஷின்ஜியைக் கோழை என்று திட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விட்டுவிட்டுப் போன அப்பா திடீரெனக் கூப்பிட்டனுப்பி, வந்ததும் ரோபோவில் ஏறச் சொல்கிறார். மாட்டேன் என்றால், உடம்பெல்லாம் கட்டுப்போட்ட, ரெய் என்ற இன்னொரு ரோபோ ஓட்டும் பெண்ணைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நீ ஏறாவிட்டால் இவள் ஏறுவாள். 14 வயசுப் பையனிடம் இதைச் செய்துவிட்டு, இவனுக்கு வீரம் இல்லையே என்றால் எப்படி?

எனக்குப் பிடித்த இடங்கள் எதுவும் அசையாது! 22-ஆவது எபிசோடில், ரோபோ ஓட்டும் இன்னொரு பெண்ணான அசுகாவும் ரெய்யும் லிஃப்டில் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு நிமிடம், லிஃப்ட் ஓடும் சத்தம் மட்டும். 24-இல் நண்பன் கவோருவை ரோபோவின் கையில் பிடித்துக்கொண்டு ஷின்ஜி முடிவெடுக்க வேண்டிய இடத்திலும் படம் அப்படியே நிற்கிறது, பின்னணியில் பீத்தோவன். நான் மூச்சுவிட மறந்த இடம் அது.

அப்புறம் ரசிகர்களிடம் திட்டு வாங்கிய அந்தக் கடைசி இரண்டு எபிசோடுகள். கதையைக் கழற்றி வைத்துவிட்டு, ஷின்ஜியின் மனசுக்குள் ஒரு நாற்காலி, சில கேள்விகள், பென்சில் கோடுகள், கடைசியில் எல்லோரும் கைதட்டி வாழ்த்து. “காசு தீர்ந்துபோச்சு போல” என்றான் என் தம்பி. இருக்கலாம். ஆனால் 16-ஆவது எபிசோடிலேயே ஷின்ஜி ரயில் பெட்டியில் தன் எதிரே தானே உட்கார்ந்து பேசுகிறான். தொடர் போகும் திசையை அங்கேயே காட்டிவிட்டார்கள். 26 எனக்குப் பிடித்தது. 25 சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்று பொறுமையைச் சோதித்தது. ஷின்ஜியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மிசாட்டோவுக்கு என்ன ஆனது என்று ஒழுங்காகச் சொல்லாமல் விட்டதை மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு குறை: சின்னப் பெண்களின் உடல்மேல் கேமரா தேவையில்லாமல் நிற்கும் காட்சிகள். எந்தத் தத்துவமும் அதற்குச் சமாதானம் ஆகாது. தொடரில் அங்கங்கே வரும் சிலுவைகளுக்கு அர்த்தம் தேடியும் மெனக்கெட வேண்டாம், பார்க்க வித்தியாசமாக இருக்கட்டும் என்றே வைத்ததாக உதவி இயக்குநர் சுருமாக்கியே சொல்லியிருக்கிறார்.

ஷின்ஜியின் மனசுக்கு வெளியே என்ன நடந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் 1997-இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் இவாஞ்ஜெலியன்’ படம் இருக்கிறது. தொடரைவிடப் பல மடங்கு கொடூரம். அதே ராத்திரி போடாதீர்கள், மனசு ஏற்கனவே சரியில்லை என்றால் அந்த வாரமே வேண்டாம்.