கழுத்து முடிச்சுக்கு ஊசி: மூன்று வருடம் போட்டுப் பார்த்ததில்

குடியாத்தத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. 16 வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் பிழைப்பு. முகூர்த்த மாதங்களில் ராத்திரி 11 மணி வரை குனிந்த தலை நிமிராது. கழுத்து வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எனக்கு வலி முதலில் தெரிந்தது கழுத்தில் இல்லை, வலது நெற்றிப் பொட்டில். ஒற்றைத் தலைவலி என்று நானே முடிவு கட்டி, இரண்டு தடவை கண்ணாடி மாற்றினேன். சைனஸ் என்றார் ஒருவர். எக்ஸ்ரே பார்த்த இன்னொருவர், எலும்பு லேசாகத் தேய்ந்திருக்கிறது என்றார். நாற்பதைத் தாண்டினால் யாருக்குத்தான் தேயவில்லை?

கடைசியில் வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு வலி மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேவை ஓரமாக வைத்துவிட்டு, பின்னால் நின்று கட்டைவிரலால் என் தோளை அழுத்திக்கொண்டே வந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு இடம். அழுத்தியதும் பொட்டில் விண்ணென்று தெறித்தது. "அங்க வலிக்குதாம்மா? சரி, ஆளு இங்கதான் ஒளிஞ்சிருக்கான்" என்றார். தசைக்குள் ஒரு சின்னப் பட்டை இறுகி முடிச்சுப் போட்டுக்கொள்ளும், வலியைத் தள்ளி வேறோர் இடத்தில் காட்டும். இதற்கு டிரிக்கர் பாயின்ட் என்று பெயர். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு முதுகு வலிக்காக இப்படி ஊசி போட்டது ஜேனட் டிராவல் என்ற பெண் மருத்துவர். இதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

குப்புறப் படுக்க வைத்தார்கள். உட்கார்ந்தபடி போட்டால் சிலருக்கு மயக்கம் வந்துவிடுமாம். தோள் தசையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்தார். கீழே நுரையீரலின் நுனி இருப்பதால் ஊசி ஆழமாகப் போகக் கூடாது. தோலைக் குத்தியது பெரிதாகத் தெரியவில்லை. முடிச்சைத் தொட்ட நொடியில்தான் சதை தானாகவே ஒரு துள்ளு துள்ளியது, தூண்டில் மீன் மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதுதான்மா வேணும்" என்றார். ஊசியை முழுதாக வெளியே எடுக்காமல் கொஞ்சம் இழுத்து, திசை மாற்றி, மறுபடி குத்தினார். உள்ளே போன மருந்து, பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிற அதே லிக்னோகெயின். மூன்று இடம், பத்து நிமிடம், 900 ரூபாய்.

எழுந்து உட்கார்ந்ததும் கழுத்து எண்ணெய் போட்ட மெஷின் மாதிரி திரும்பியது. ஆகா என்று பஸ் ஏறினேன். ராத்திரி மரமரப்பு போனதும் யாரோ கட்டையால் அடித்த மாதிரி வலி. அடுத்த நாளும் அப்படியே. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். வெந்நீர் ஒத்தடம் போதும், மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

முதல் ஊசி மூன்று வாரம் தாங்கியது. இரண்டாவது ஆறு வாரம். மூன்றாவதுக்கு முகூர்த்த நெருக்கடியில் வேலூர் போக முடியாமல் பக்கத்திலேயே ஓரிடத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே என்னிடம் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்துவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை உண்டு. மறுநாள் வெறும் வயிற்றில் 212. இறங்க நாலைந்து நாள் ஆனது. கேட்டதற்கு "எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடுறோம்" என்று பதில். கோபம் இன்னும் ஆறவில்லை. சாதாரண தசை முடிச்சுக்கு ஸ்டீராய்டு தேவையே இல்லை என்றார் என் மருத்துவர். மருந்தே இல்லாமல் வெறும் ஊசி குத்தினாலும் வலி குறைவதை, செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் 1979லேயே எழுதியிருக்கிறார். அதனால் ஊசியில் என்ன கலக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

நான்காவது ஊசி எட்டு மாதம் தாங்கியது. அதற்குக் காரணம் ஊசி மட்டும் இல்லை. பிசியோதெரபி பெண் என்னைத் தைத்துக் காட்டச் சொன்னாள். கையில் ஹெம்மிங் போடும்போது ஒவ்வொரு நூல் இழுப்புக்கும் வலது தோள் காதுவரை ஏறி இறங்குவதை அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை தையல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! இப்போது ஹெம்மிங், கொக்கி எல்லாம் உதவிக்கு வரும் பெண்ணிடம். மெஷின் மேசையின் நான்கு காலுக்கும் கீழே மூன்று அங்குல மரக்கட்டை வைத்திருக்கிறேன். வலி இல்லாத அந்தச் சில வாரங்களில்தான் கழுத்தை நீட்டி மடக்கும் பயிற்சியே செய்ய முடிந்தது. முதல் இரண்டு தடவையும் வலி போன தைரியத்தில் கூடுதலாக ஆர்டர் பிடித்தேன். புத்தி.

இப்போது பொட்டு வலி மாதத்தில் ஒரு நாள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். என்னைப் பார்த்துவிட்டு மாமியார், "எனக்கும் அந்த ஊசியப் போடச் சொல்லேன், முட்டி கழண்டுடும் போலக் கீது" என்று பிடித்துக்கொண்டார். அழைத்துப் போய்க் காட்டினேன். இது மூட்டுத் தேய்மானம், தசை முடிச்சு இல்லை, இதற்கு வைத்தியமே வேறு என்றார் மருத்துவர். மாமியார் இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேறு சாப்பிடுகிறார், அதையும் மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என்னோடு பேசவே இல்லை.